டிராக்டரைப் பிரித்த பிறகு பிளேட்டோடு நிறுத்தாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேற்றுழவு தொடங்கும் வாரங்களில் டெல்டா மாவட்டப் பட்டறைகளுக்குப் போனால், பழைய டிராக்டர்கள் நடுவில் இரண்டாகப் பிரிக்கப்பட்டு நிற்பதைப் பார்க்கலாம். அவற்றில் பல, இன்ஜினின் ஓட்டத்தைக் கியர் பாக்ஸோடு இணைத்தும் விடுவித்தும் தரும் கிளட்ச் பிளேட்டைப் போன போகத்தில்தான் மாற்றியவை. உரிமையாளர் பிளேட் போலி என்று கடைக்காரரைத் திட்டுவார். கடைக்காரர் ஓட்டுநரைக் கைகாட்டுவார். ஆனால் இவ்வளவு சீக்கிரம் கெட்டதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கிறது. பிளேட்டைக் கெடுத்தது எதுவோ அதை உள்ளேயே விட்டுவிட்டு, புதுப் பிளேட்டைப் போட்டு மூடியிருப்பார்கள்.

மேட்டூர் அணை திறக்க வழக்கமாகக் குறிக்கப்படும் ஜூன் 12-க்கு முன்னால் கோடையில் வண்டி சும்மா நிற்கும் நாட்கள்தான் இந்த வேலைக்கு ஏற்ற காலம். அவசரம் இல்லாததால் லேத் வேலைக்கும் சரியான பாகத்துக்கும் காத்திருக்க முடியும். ஆகவே இதைத் தங்கள் வேளாண் பக்கத்தில் வெளியிட்டால் பயன்படும் என்று எழுதுகிறோம். சிம்சன் இன்ஜின் பொருத்திய பழைய மாஸி ஃபெர்குசன் வண்டிகளை மனத்தில் வைத்து எழுதினாலும், பெரும்பகுதி மற்ற கம்பெனிகளின் பழைய வண்டிகளுக்கும் பொருந்தும்.

வண்டியைப் பிரிக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கிளட்ச் கோளாறு இரண்டு வகைப்படும். ஒன்று வழுக்கல். இன்ஜின் வேகம் ஏறும், வண்டி வேகம் ஏறாது, சுமையில் கருகல் வாடை வரும். இன்னொன்று, பெடலை முழுக்க அழுத்தியும் பிளேட் விடாமல் சுற்றிக்கொண்டே இருப்பது. கியர் விழும்போது கடிக்கும், ரிவர்ஸ் போட்டால் நறநறவென்று கேட்கும். இரண்டுக்கும் முதலில் பார்க்க வேண்டியது பெடல் ஆட்டம். பெடலைக் கையால் அழுத்தினால் பாரமில்லாமல் கொஞ்ச தூரம் இறங்கி, பிறகு கனக்கும். அந்தப் பாரமில்லாத தூரம் பல மாடல்களில் 20 முதல் 30 மி.மீ. இருக்க வேண்டும். சரியான அளவு உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும். பிளேட்டின் உராய்வுப் பரப்பான லைனிங் தேயத் தேய, பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்கள், பெடலை மிதிக்கும்போது அவற்றைத் தள்ளும் ரிலீஸ் பேரிங்கை நோக்கி நெருங்கி வரும், ஆட்டம் குறைந்துகொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் ஆட்டம் சுத்தமாக இல்லாமல் போய், பேரிங் எந்நேரமும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். பாதி அழுத்திய பெடலோடு ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான். லைனிங் மிச்சமிருக்கும்போதே ஆட்டத்தைச் சரிசெய்தால் இன்னும் ஒரு போகம் ஓட்டலாம்.

பிளேட் விடாத வண்டியில் பெடல் இணைப்புகளைக் கையால் அசைத்துப் பாருங்கள். பெடல் தண்டின் புஷ், இணைப்புக் கம்பியின் பின், பின் நுழையும் துளை எல்லாம் 20 வருடத்தில் தேய்ந்துபோயிருக்கும். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு மி.மீ. வீணானால், பெடல் தரையைத் தொட்டும் உள்ளே பேரிங் போக வேண்டிய தூரம் போகாது. இரண்டு பின்னும் ஒரு புஷ்ஷும் மாற்றினால் சரியாகிற வண்டியை முழுக்கப் பிரிப்பது வீண்செலவு.

மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியில் பிளேட், இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃபிளைவீலோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்வதும் உண்டு. சேற்றுழவில் கிளட்சை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்குக்குள் ஏறிய ஈரம் காயாமல் நிறுத்திவிடுவதே இதற்குக் காரணம். இன்ஜினைச் சூடேற்றி அணைத்து, ஆளில்லாத திறந்த வயலில், தாழ்ந்த கியரில் ஸ்டார்ட் செய்தால் வண்டி உடனே நகரும். பெடலை முழுக்க அழுத்தியபடி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, இரு பிரேக்கையும் சேர்த்து விட்டுவிட்டு மிதித்தால் பெரும்பாலும் விட்டுவிடும். முன்னால் சுவர், வாய்க்கால், ஆள் எதுவும் இருக்கக் கூடாது. மாதக்கணக்கில் நிறுத்தப் போகிறவர்கள் பெடலை முழுக்க அழுத்தி ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து வைத்தால் இந்தத் தொல்லையே வராது.

வழுக்கலை உறுதிசெய்ய ஒரு சோதனை இருக்கிறது. சமதளத்தில் இரு பிரேக் பெடலையும் ஒன்றாகப் பூட்டி, பார்க்கிங் லாக் போட்டு, டாப் கியரில் இன்ஜினை நிமிடத்துக்கு 1,200 சுற்று என்ற அளவில் வைத்து, கிளட்ச் பெடலை மெதுவாக விடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் திணறி நின்றுவிடும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது என்று பொருள். ஒருமுறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்ச லைனிங்கும் கருகிவிடும்.

சத்தத்துக்கும் அர்த்தம் உண்டு. பெடலைத் தொட்டதும் கிரீச்சென்று தொடங்கினால் ரிலீஸ் பேரிங். பெடலை விட்டிருக்கும்போது நியூட்ரலில் உறுமி, அழுத்தியதும் அடங்கினால் கியர் பாக்ஸின் முன் பேரிங். கியரில் நிறுத்தி, பெடலை முழுக்க அழுத்தியிருக்கும்போது மட்டும் கேட்டால் ஃபிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங். பிரிப்பதற்கு முன் இதைக் குறித்து வைத்தால், எதை வாங்கி வைத்துக்கொண்டு பிரிப்பது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் பிரிப்பதற்கு முன்பே பார்க்கலாம். கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் ஒரு சிறு துளை, அதில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பிலிட் பின். உள்ளே கசியும் எண்ணெய் வெளியேற வழிவிடுவதே அதன் வேலை. சேறு அடைத்திருந்தால் எண்ணெய் உள்ளேயே தேங்கிப் பிளேட்டை நனைக்கும். பின்னை அசைத்துத் துளையைத் திறந்து, என்ன எண்ணெய் சொட்டுகிறது என்று பாருங்கள். கறுப்பாக, நீர்த்து இருந்தால், எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் இன்ஜினின் பின்பக்கச் சீல் கசிகிறது. பொன்னிறமாக, கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் பாக்ஸ் சீல் கசிகிறது. எண்ணெய் படிந்த வண்டியில் பிளேட்டை மட்டும் மாற்றுவது காசைச் சேற்றில் போடுவதுதான். சிலர் நனைந்த பிளேட்டைப் பெட்ரோலில் கழுவிக் காயவைத்து மாட்டுகிறார்கள். லைனிங் உறிஞ்சிய எண்ணெய் சூடேறியதும் மீண்டும் கசியும், ஆகவே அது பயனற்ற வேலை.

இனிப் பிரிப்பு. காரில் இன்ஜின் ஒரு சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். பழைய டிராக்டரில் தனிச் சட்டம் கிடையாது, இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ந்ததே வண்டியின் முதுகெலும்பு. போல்ட்டைக் கழற்றிய மறுநொடி வண்டி இரண்டு பாரமான துண்டுகளாகிவிடும். முன்பாதி நிற்பது முன் ஆக்ஸிலின் நடுவிலுள்ள ஒரே ஒரு பின் மேல்தான். அது இரு பக்கமும் ஆடும்படி செய்யப்பட்டது. ஆகவே ஆக்ஸிலுக்கும் அதன் தாங்கிக்கும் இடையில் இரு பக்கமும் கெட்டியான மரக்கட்டை ஆப்பு அடிக்காமல் ஒரு போல்ட்டையும் தளர்த்தக் கூடாது. ஆப்பு இல்லாமல் பிரித்தால் இன்ஜின் பக்கவாட்டில் சரிந்து ஆளையே நசுக்கிவிடும். முன்பக்கம் எடைக்கட்டிகள் இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் முன்பாதி மூக்குக் குத்தி நிற்கும்.

பின்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். பானெட், ஸ்டார்ட்டர் மோட்டார், டீசல் குழாய், ஆக்சிலரேட்டர் கம்பி, மீட்டர் கேபிள், ஒயரிங், ஸ்டீயரிங் இழுவைக் கம்பி, ஹைட்ராலிக் குழாய் இருந்தால் அது எல்லாவற்றையும் விடுவியுங்கள். கழற்றிய குழாய் வாய்களில் சுத்தமான துணியோ மூடியோ போடுங்கள், டீசல் பம்புக்குள் போகும் ஒரு மண் துணுக்கு கிளட்ச் செலவைவிடப் பெரிய செலவு வைக்கும். கியர் பாக்ஸின் முன்பகுதிக்கு அடியில் அசையாத ஸ்டாண்டு வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி விடாதீர்கள். இன்ஜின் பக்கத்தைச் செயின் பிளாக்கிலோ சக்கரமுள்ள தள்ளு ஸ்டாண்டிலோ தாங்குங்கள். எந்தப் பாதி நகரப் போகிறது, எது நிற்கப் போகிறது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சுற்றிலும் உள்ள போல்ட்கள் ஒரே நீளம் அல்ல. ஓர் அட்டையில் ஹவுசிங்கின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுப் போல்ட்டைச் செருகி வைத்தால் சேர்க்கும்போது குழப்பம் வராது. கீழ்ப்பக்கம் ஒன்றிரண்டு போல்ட் சேற்றில் மறைந்திருக்கும். "பிரிய மாட்டேங்குது" என்று இணைப்புக்குள் கடப்பாறை போட்டு நெம்புவதற்கு முன் அவற்றைத் தேடுங்கள். வார்ப்பிரும்பு முகத்தில் விழுந்த கடப்பாறைத் தழும்பு பிறகு எண்ணெயும் நீரும் போகும் வழியாகிவிடும். அரை மீட்டர் இடைவெளி கிடைத்தால் உள்ளே வேலை செய்யப் போதும்.

உள்ளே கறுப்பாகப் படிந்திருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடையுங்கள், மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பட்டறைகளில் பையன்களைத்தான் இந்த வேலைக்கு விடுகிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

பிரஷர் பிளேட்டை ஃபிளைவீலோடு பூட்டியிருக்கும் கவரின் போல்ட்களை ஒரேயடியாகக் கழற்றாமல், எதிரெதிராக அரைச்சுற்று அரைச்சுற்றாகத் தளர்த்துங்கள். கழற்றியதும் பழைய பிளேட்டைத் தூக்கி எறிந்துவிடாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பாருங்கள். சீராகத் தேய்ந்து ரிவெட் தலை தெரியும் அளவுக்கு வந்திருந்தால் அது ஆயுள் முடிந்து இயல்பாகப் போன பிளேட். லைனிங் தடிமன் மிச்சமிருந்தும் கண்ணாடிபோல மினுமினுத்தால் அரை கிளட்சில் சூடேறியது. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் விரல்கள் சமமாக இல்லை, அல்லது ஃபிளைவீல் முகம் நேராக ஓடவில்லை. பிளேட்டின் நடுவில் தண்டு நுழையும் ஹப்பின் பற்கள் கூராகியிருந்தாலோ, ஹப்பைச் சுற்றித் தகடு விரிசல் விட்டிருந்தாலோ, பைலட் பேரிங் தேய்ந்து தண்டு தலையாட்டியிருக்கிறது, அல்லது முன்பு சேர்த்தபோது போல்ட்டால் இழுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அதே தவறு மீண்டும் நடந்தால் புதுப் பிளேட்டும் அதே இடத்தில் விரிசல் விடும்.

அடுத்து ஃபிளைவீல். பெரும்பாலோர் துணியால் துடைத்துவிட்டு விட்டுவிடுவது இதைத்தான். முகத்தில் நீலத் திட்டுகள், மயிரிழை விரிசல்கள், ரிவெட் கீறிய வளையங்கள் இருந்தால் லேத்தில் மெல்லியதாகக் கடைந்து எடுக்க வேண்டும். ஆழமான விரிசல் இருந்தால் ஃபிளைவீலையே மாற்றுங்கள், அது சுற்றும் வேகத்தில் உடைந்தால் ஹவுசிங்கையும் பிய்த்துக்கொண்டு வரும். கடையும்போது ஒரு விஷயத்தை லேத்காரரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். கவர் உட்காரும் விளிம்பு, பிளேட் படும் முகத்தைவிட உயரமாகப் படிவிட்டு இருக்கும் ஃபிளைவீல்களில், முகத்தில் எவ்வளவு எடுக்கிறோமோ அதே அளவு அந்த விளிம்பிலும் எடுக்க வேண்டும். முகத்தில் மட்டும் ஒரு மி.மீ. எடுத்துவிட்டால் பிரஷர் பிளேட் அவ்வளவு தள்ளி உட்காரும், ஸ்பிரிங்கின் அழுத்தம் குறையும், புதுப் பிளேட்டே வழுக்கும். "எல்லாம் புதுசு, ஆனாலும் வழுக்குது" என்று வருகிற வண்டிகளில் இது அடிக்கடி காணப்படும் காரணம்.

ஃபிளைவீலைத் திரும்ப மாட்டியதும் முகத்தின் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பிரிட்டனின் பெர்கின்ஸ் கம்பெனி வடிவமைப்பைச் சேர்ந்த இந்தச் சிம்சன் இன்ஜின்களுக்கு அளவு எளிது. மையத்திலிருந்து ஒவ்வொரு 25 மி.மீ. தூரத்துக்கும் 0.025 மி.மீ.-க்கு மேல் முகம் ஆடக் கூடாது. அதாவது மையத்திலிருந்து 125 மி.மீ. தள்ளிக் கேஜை வைத்தால் 0.125 மி.மீ. வரை சரி. கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்கின் முனைக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவில் ஒரு பிசிறோ துருவோ மாட்டியிருக்கும். கழற்றிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டிப் பாருங்கள்.

ஃபிளைவீல் கழன்றிருக்கும்போதே இன்ஜினின் பின் சீலை மாற்றிவிடுங்கள், கசியாவிட்டாலும். பழைய சிம்சன் இன்ஜின்களில் ரப்பர் சீல் இல்லாமல், இரண்டு அரை ஹவுசிங்குகளில் பதிக்கும் கயிறு சீல் இருக்கும். அதைப் பதிப்பதில்தான் கைத்திறமை இருக்கிறது. கயிற்றை முதலில் இரு முனைகளிலும் பதித்து, பிறகு நடுவை உருட்டி அழுத்த வேண்டும். முனைகள் ஹவுசிங் முகத்துக்கு வெளியே 0.25 முதல் 0.5 மி.மீ. வரை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். சமமாக வெட்டிவிட்டால் இரு பாதிகள் சேரும் இடத்தில் கசியும். அதிகம் விட்டால் நசுங்கி, ஹவுசிங் மூடாது. உட்புறம் கிராஃபைட் கிரீஸ் தடவி மாட்டி, கிராங்கைக் கையால் சுற்றி, பிடிக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் சீல் உள்ள வண்டியில், பழைய சீல் உதடு கிராங்கில் கோடு போட்டிருந்தால் புதுச் சீலை இரண்டு மூன்று மி.மீ. தள்ளி, தேயாத இடத்தில் உதடு படும்படி உட்கார வையுங்கள்.

கிராங்க் முன்னும் பின்னும் ஆடுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். கிளட்ச் பெடலை அழுத்தும்போதெல்லாம் கிராங்க் முன்னோக்கித் தள்ளப்படுகிறது, அந்தப் பாரத்தைத் தாங்குவது த்ரஸ்ட் வாஷர்கள். காலைப் பெடலில் வைத்தே ஓட்டிய வண்டியில் அவை தேய்ந்து, கிராங்க் கண்ணுக்குத் தெரியும்படி நகரும். அப்படிப்பட்ட வண்டியில் கிளட்சை எவ்வளவு நன்றாகச் செட் செய்தாலும் பெடல் ஆட்டம் நிலையாக நிற்காது. பிரிப்பதற்கு முன்பே ஒருவர் பெடலை அழுத்த, மற்றவர் முன் புல்லியைப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங், கியர் பாக்ஸ் முன் சீல் மூன்றையும் கேள்வி கேட்காமல் மாற்றுங்கள். மொத்தச் செலவில் இவை சிறு பங்கு. இவற்றில் எது கெட்டாலும் மறுபடி வண்டியைப் பிரிக்க வேண்டும். புது ரிலீஸ் பேரிங்கை டீசலில் போட்டு அலசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், உள்ளே அடைத்து வந்த கிரீஸ் கரைந்து போகும். பேரிங்கைத் தள்ளும் முள், அதைக் குறுக்குத் தண்டில் பிடித்திருக்கும் பூட்டுப் போல்ட், தண்டின் இரு பக்கப் புஷ் இவற்றையும் பாருங்கள். முள்ளின் இரு நுனிகளும் ஒரே அளவு தேய்ந்திருக்க வேண்டும். பூட்டுப் போல்ட்டை இறுக்கிய பிறகு கம்பி கட்டிப் பூட்டுங்கள். இந்தப் போல்ட் தளர்ந்து, பெடல் திடீரென்று வெறுமனே இறங்கிவிடுவது பழைய வண்டிகளில் வழக்கமான கோளாறு.

மாஸி 241 போன்ற வண்டிகளில் இரட்டை கிளட்ச். பெடலைப் பாதி அழுத்தினால் வண்டி நிற்கும், முழுக்க அழுத்தினால், ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைப் பின்னால் மாட்டிச் சுற்றவைக்கும் பிடிஓ தண்டும் நிற்கும். பெரிய பிளேட் ஃபிளைவீலை ஒட்டி வண்டியை ஓட்டுகிறது, சிறிய பிளேட் கவர் அசெம்ப்ளிக்குள் இருந்து பிடிஓவை ஓட்டுகிறது. ஹைட்ராலிக் பம்பும் அந்தப் பிடிஓ தண்டு வழியாகவே ஓடும் மாடல்களில், பெடலை முழுக்க அழுத்தினால் லிஃப்ட் தூக்காது. அது கோளாறு அல்ல. ஆனால் பெடலைத் தொடாமலே லிஃப்ட் சுமையில் தளர்ந்தால், பம்பைப் பிரிப்பதற்கு முன் சிறிய பிளேட்டையும் சந்தேகியுங்கள். காசு மிச்சம் என்று பெரிய பிளேட்டை மட்டும் மாற்றுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ரோட்டவேட்டர் ஓட்டுகிற வண்டியில் இரண்டில் அதிகம் அடி வாங்குவது சிறியதுதான்.

இரட்டை கிளட்ச் கவரைப் பிரிப்பது பட்டறையில் பிரஸ் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. உள்ளே அடங்கியிருக்கும் ஸ்பிரிங்குகள் கையால் அடக்க முடியாதவை. மூன்று நீளப் போல்ட்களைத் துளைகளில் கோத்து, நட்டைச் சமமாகத் தளர்த்தி அழுத்தத்தை விட வேண்டும். சுத்தியலும் ஸ்பேனரும் மட்டும் உள்ளவர்கள் முழு அசெம்ப்ளியாக வாங்கி மாட்டுவதே பாதுகாப்பு. வாங்கும்போது பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். வெளி விட்டம், ஹப்பின் பற்களின் எண்ணிக்கை, தண்டின் தடிமன் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒரே மாடல் பெயரில் வருடத்துக்கு வருடம் பற்கள் மாறியிருப்பதுண்டு.

பழைய பிளேட்டுக்கு லைனிங் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். தகடு வளையாமல், ஹப் ஆடாமல், ரிவெட் தலை ஆழமாக அமர்ந்து அடித்தால் டிரெய்லர் மட்டும் இழுக்கும் வண்டிக்குப் போதும். சேற்றுழவுக்கும் ரோட்டவேட்டருக்கும் புதுப் பிளேட்டே போடுங்கள். சூட்டைத் தாங்கும் செராமிக் பட்டன் பிளேட்டையும் இப்போது பலர் கேட்கிறார்கள். அது வழுக்காது, ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், ஃபிளைவீலையும் வேகமாகத் தின்னும். மெதுவாக நகர்த்தி வேலை செய்ய வேண்டிய வண்டிக்கு அது ஒத்துவராது.

மாட்டும்போது பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்க வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். திருப்பி மாட்டினால் ஹப் ஃபிளைவீல் போல்ட் தலைகளில் உரசி, கிளட்ச் விடவே விடாது. வண்டி முழுக்கச் சேர்த்த பிறகுதான் அது தெரியவரும். பற்களில் கிரீஸை விரல் நுனியளவு எடுத்து மெல்லியதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அதிகமானால் சுற்றும்போது சிதறி லைனிங்கில் படும். நடு பிடிக்க அதற்கென்று உள்ள கருவியையோ, கழித்துப்போட்ட பழைய கியர் தண்டையோ பயன்படுத்துங்கள். இரட்டை கிளட்சில் இரு பிளேட்டும் நடுவில் நிற்க வேண்டும் என்பதால் கண்மட்டத்தில் செய்தால் சரிவராது. கவர் போல்ட்களை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். 10 மி.மீ., 8.8 தரப் போல்ட்டாக இருந்தால் சுமார் 45 நியூட்டன் மீட்டர் இறுக்கம். பிறகு ஸ்கேலோ கேஜோ வைத்து எல்லா விரல்களின் உயரத்தையும் அளந்து பாருங்கள். அரை மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டி கிளம்பும்போது உதறும்.

சேர்ப்பதில்தான் புது பிளேட்டுகள் சாகின்றன. தலை வெட்டிய இரண்டு நீள ஸ்டட்களை ஹவுசிங்கின் இரு பக்கத் துளைகளில் வழிகாட்டியாகப் போடுங்கள். இரு பாதிகளும் மேலும் கீழும் ஒரே இடைவெளியில் நேராக வருகின்றனவா என்று பாருங்கள். கியரில் போட்டு, பிடிஓவை இணைத்து வைத்து, ஒருவர் வண்டியைத் தள்ள, மற்றவர் பின்னால் பிடிஓ தண்டையும், இன்னொருவர் ஸ்டார்ட்டர் துளை வழியாக ஃபிளைவீலையும் மெதுவாகச் சுற்ற வேண்டும். முதலில் ஒரு பற்கோவை விழும், பிறகு அடுத்தது, கடைசியில் தண்டின் மூக்கு பைலட் பேரிங்குக்குள் நுழையும். முகமும் முகமும் கையாலேயே ஒட்ட வேண்டும். ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டால் எங்கோ பல் விழவில்லை என்றுதான் அர்த்தம். அந்த இடத்தில் போல்ட்டைப் போட்டு ஸ்பேனரால் இழுக்காதீர்கள். இழுத்தால் வண்டியின் எடை முழுக்க ஹப்பின் மேல் விழுந்து தகடு வளையும், சில நேரம் ஹவுசிங்கின் காதே விரிசல் விடும். பின்னுக்குத் தள்ளி, மட்டம் பார்த்து, மறுபடி முயலுங்கள். நேரம் பிடித்தாலும் பரவாயில்லை.

ஸ்டார்ட் செய்யும் முன் பெடல் ஆட்டத்தைக் கையேட்டின்படி வையுங்கள். முதல் பத்து மணி நேரம் கனமான சுமையும் சேற்றுழவும் வேண்டாம், லைனிங் ஃபிளைவீலோடு பொருந்தட்டும். அதன்பின் ஆட்டத்தை மறுபடி அளந்து பாருங்கள், முதல் தேய்மானத்தில் கண்டிப்பாக மாறியிருக்கும்.

ஓட்டுநர்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. வரப்பில் ஏறும்போதும் சேற்றுழவுக்கு மாட்டும் இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீலோடு திரும்பும்போதும் அரை கிளட்சில் இழுக்காமல் கியரைக் குறையுங்கள். ரோட்டவேட்டரை முழு வேகத்தில் வைத்துப் பிடிஓவை இணைக்காதீர்கள். கரும்பு டிரெய்லரை மேல் கியரில் கிளப்பாதீர்கள். வேலை இல்லாத நேரத்தில் கால் பெடலில் இருக்க வேண்டாம்.

ஐடிஐ-க்களில் டிராக்டர் மெக்கானிக் பிரிவு இருக்கிறது, வேளாண்மைப் பொறியியல் துறையிடம் வண்டிகளும் பணிமனைகளும் இருக்கின்றன. கழித்த பழைய டிராக்டர் ஒன்றை நிரந்தரமாகப் பிரித்தும் சேர்த்தும் பழக மாணவர்களுக்குக் கொடுக்க முடியும். ஆப்பு அடிப்பதையும், கயிறு சீல் பதிப்பதையும், போல்ட்டால் இழுக்காமல் சேர்ப்பதையும் கரும்பலகையில் கற்றுக்கொள்ள முடியாது. துறை அதிகாரிகளின் பார்வைக்குத் தங்கள் நாளிதழ் இதைக் கொண்டுசெல்ல வேண்டுகிறோம்.

விவசாயிகள் பட்டறையில் மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பில்லில் மொத்தமாக "கிளட்ச் வேலை" என்று எழுதவிடாமல், எந்தப் பிளேட், எந்தச் சீல், எந்தப் பேரிங், ஃபிளைவீல் கடைந்தார்களா, எவ்வளவு கடைந்தார்கள், அன்றைக்கு மணி மீட்டர் எவ்வளவு காட்டியது என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். அடுத்த முறை வண்டியைப் பிரிக்கிற மெக்கானிக்குக் கண்டிப்பாகத் தேவைப்படுவது, இதற்குமுன் ஃபிளைவீலில் எத்தனை மி.மீ. போயிருக்கிறது என்ற கணக்கு.

இப்படிக்கு,
டிராக்டர் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள்,
தஞ்சாவூர் மாவட்டம்